பொது அறையும் தோழர்களின் கரங்களும்

திருவனந்தபுரத்தில் இடதுசாரி இயக்கத்தின் இரு தலைமையகங்கள் அண்மையில் புதுத் தோற்றம் பெற்றுள்ளன. தைக்காட்டில் உள்ள எம்.என். நினைவகம் புதுப்பிக்கப்பட்டு 2024 டிசம்பரில் திறக்கப்பட்டது. ஏ.கே.ஜி. மையத்தின் புதிய கட்டடம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. இத்தகைய கட்டடங்களைக் குறித்துப் பேசும்போது முகப்பும் கூட்ட அரங்கமுமே பலர் கண்ணில் படுகின்றன. கட்சி அலுவலகங்களிலும் தொழிற்சங்க அலுவலகங்களிலும் பின்புறமாகவோ மாடியிலோ அமைந்திருக்கும் பொதுத் தங்கும் அறைகளைப் பற்றி இங்கே பேச வேண்டியிருக்கிறது. ஒழுகும் கூரையையும் உடைந்த கட்டிலையும் தொண்டர்கள் தாங்களே முன்வந்து சீர்செய்வது பல ஊர்களில் உள்ள நல்ல வழக்கம். இதைச் செலவு மிச்சம் என்று மட்டும் கணக்கிடுவோமானால், அதன் அரசியல் பொருளை இழந்துவிடுவோம்.

அந்த அறைகளில் யார் தங்குகிறார்கள்? முழுநேர ஊழியர்கள், மாநாட்டுப் பிரதிநிதிகள், தர்ணாவுக்காக இரவெல்லாம் பயணம் செய்து வரும் தோட்டத் தொழிலாளர்கள். திருவனந்தபுரத்தைப் பொறுத்தவரை இன்னொரு பிரிவினரும் உண்டு. கன்னியாகுமரி, தென்காசி மாவட்டங்களின் உழைக்கும் மக்கள் அங்குள்ள மருத்துவக் கல்லூரிக்கும், மண்டலப் புற்றுநோய் மையத்திற்கும், ஸ்ரீசித்திரை மருத்துவ நிலையத்திற்கும் காலங்காலமாகச் சென்று வருகிறார்கள். சிகிச்சை வாரக்கணக்கில் நீளும்போது, உடன் வந்தவர் எங்கே படுத்துறங்குவது என்பது மருந்துச் செலவுக்கு நிகரான கவலையாகிவிடுகிறது. விடுதி வாடகை கொடுக்க இயலாத ஒருவருக்கு, தெரிந்த தோழர் ஒருவர் வழியே கிடைக்கும் ஒரு பாயும் ஒரு மின்விசிறியும் எவ்வளவு பெரியவை என்பதை விளக்கத் தேவையில்லை. ஆகவே அந்த அறையின் நிலை, நாம் மக்களை எப்படி நடத்துகிறோம் என்பதற்கான சான்று.

தன்னார்வ உழைப்புக்கு நமது இயக்கத்தில் ஆழமான வேர் உண்டு. 1919 ஏப்ரல் 12 இரவு, மாஸ்கோவின் ரயில் பணிமனை ஒன்றில் 15 தொழிலாளர்கள் ஊதியமின்றி உழைத்து மூன்று எஞ்சின்களைப் பழுதுபார்த்தனர். மே 10 அன்று இருநூறுக்கும் மேற்பட்டோர் அதே வழியைப் பின்பற்றினர். ‘சுப்போத்னிக்’ என்று பெயர்பெற்ற இந்தச் சனிக்கிழமை உழைப்பைப் பற்றித்தான் லெனின் ‘மாபெரும் தொடக்கம்’ என்ற புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். அந்தக் கட்டுரையின் ஒரு பகுதியை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். வீட்டு வேலை என்னும் நுகத்தடியில் பெண்கள் நசுக்கப்படுவதைக் கடுமையாகச் சாடி, பொது உணவகங்களையும் குழந்தைக் காப்பகங்களையும் புதிய சமுதாயத்தின் முளைகளாக அவர் அதிலேயே சுட்டிக்காட்டினார்.

இந்த அளவுகோலை நமது அறைகளின் மீது வைத்துப் பார்ப்போம். சீரமைப்பு நாளில் ஆண் தோழர்கள் சுவருக்கு வண்ணம் பூச, சமையலும் பாத்திரமும் பெண் தோழர்களின் பங்காகிவிடுகிறதா? கழிப்பறையைத் துலக்கும் வேலை எப்போதும் குறிப்பிட்ட சிலரிடமே போய்ச் சேருகிறதா? அப்படியானால், சாதியையும் ஆணாதிக்கத்தையும் மேடையில் எதிர்த்துவிட்டு மாடியறையில் குடியேற்றுகிறோம் என்றே பொருள். பொறுப்பில் உள்ளவர்கள் தாமே முதலில் துடைப்பத்தை எடுக்க வேண்டும். வேலைகள் முறைவைத்துச் சுழல வேண்டும். பெண்களுக்குத் தனி அறையும் உட்புறத் தாழ்ப்பாளும் இல்லாத தங்குமிடத்தைப் பொதுத் தங்குமிடம் என்று அழைக்க நமக்கு உரிமையில்லை.

தன்னார்வ உழைப்புக்கு எல்லையும் உண்டு. 2018 பெருவெள்ளத்திற்குப் பின் ஆகஸ்ட் இறுதியில் குட்டநாட்டு வீடுகளைத் துப்புரவு செய்ய ஆயிரக்கணக்கானோர் திரண்டபோது, அவர்களுடன் மின்பணியாளர்களும் குழாய்ப் பணியாளர்களும் தச்சர்களும் சென்றனர். சேறு அள்ளுவதற்கு ஆர்வம் போதும். நனைந்த மின்கம்பியைத் தொடுவதற்குத் தேர்ச்சி வேண்டும். அன்றாடக் கூலியில் வாழும் கொத்தனாரிடம், தோழர் என்பதற்காகவே பல நாள் வேலையை இலவசமாகக் கேட்பது தொண்டாகாது. மலக்குழிக்குள் எவரையும் இறக்கக் கூடாது. 2013ஆம் ஆண்டின் சட்டம் அதைத் தடை செய்கிறது. 2024 ஜூலையில் தம்பானூர் ரயில் நிலையத்தை ஒட்டிய ஆமையிழஞ்சான் கால்வாயில் குப்பை அகற்ற இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். அந்தத் தலைநகரில் நிகழ்ந்த இந்த மரணம், மலிவான உழைப்பைத் தேடும் ஒவ்வொருவருக்குமான எச்சரிக்கையாகும்.

சீரமைப்போடு கடமை முடிந்துவிடுவதுமில்லை. எம்.என். நினைவகம் எவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்த எம்.என். கோவிந்தன் நாயர் 1972இல் கேரளத்தின் வீட்டுவசதித் துறை அமைச்சராக இருந்தபோது ‘லட்சம் வீடு’ திட்டத்தைத் தொடங்கினார். நிலமற்ற ஏழைகளுக்கு வீடு தந்த அந்த மகத்தான முயற்சியில் மாணவர், இளைஞர்களின் உழைப்பும் கலந்திருந்தது. அவற்றில் பல, நடுச்சுவரைப் பகிர்ந்துகொண்ட இரட்டை வீடுகள். ஆண்டுகள் சென்றபின் கூரையும் சுவரும் சிதைந்தன. ஒரு குடும்பம் இடித்துக் கட்ட விரும்பினாலும் நடுச்சுவர் தடையாக நின்றது. அவற்றைப் புதுப்பிப்பதற்கென்றே பிற்கால அரசு தனித் திட்டம் கொண்டுவர நேர்ந்தது. பகிர்ந்து வாழும் இடத்தைக் கட்டுவதைப் போலவே, அதைப் பராமரிப்பதற்கான ஏற்பாடும் முதல் நாளிலேயே வகுக்கப்பட வேண்டும் என்பது அந்த அனுபவம் தரும் பாடம்.

எனவே கிளைகளும் மாவட்டக் குழுக்களும் சிலவற்றை நடைமுறையாக்க வேண்டும். மாதத்தில் ஒரு நாளைப் பராமரிப்புக்கு ஒதுக்குவது, தேர்ச்சி வேண்டிய பணிகளுக்கு நியாயக் கூலி வழங்குவது, வரவு செலவை அறையின் சுவரிலேயே ஒட்டுவது, காவலாளிக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் குறைந்தபட்ச ஊதியத்தை உறுதிசெய்வது ஆகியவை பெரிய நிதியைக் கோருவன அல்ல. அரசின் பொறுப்பை நமது தொண்டு மறைத்துவிடவும் கூடாது. ஒவ்வொரு பெரிய மருத்துவமனையிலும் நோயாளிகளின் உடன் வருவோருக்குக் கண்ணியமான தங்குமிடம் வேண்டுமென்ற கோரிக்கையை, தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஒருசேர எழுப்ப வேண்டும்.

அதுவரை நம்மிடம் இருக்கும் அறைகளின் கதவுகள் திறந்திருக்கட்டும். அங்கே வந்து தங்கும் ஒரு விவசாயத் தொழிலாளி, நமது வேலைத்திட்டத்தைப் படிப்பதற்கு முன்பே அந்த அறையைப் பார்த்துவிடுகிறார். அவர் பார்க்கும் அறை, நாம் பேசும் சமத்துவத்திற்குச் சாட்சி சொல்ல வேண்டும்.