அழைப்பை மறுக்கும் யந்திரம்

கைபேசியில் வேண்டாத அழைப்புகளின் தொல்லை எல்லை மீறி விட்டது. கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று வேலை நேரத்தில் ஓயாமல் மணி அடிக்கிறது. போலீஸ் என்றும் வங்கி என்றும் சொல்லி ஏய்ப்பவர்களும் உண்டு. எனவே, அழைப்புகளைத் தரம் பிரித்துத் தானே துண்டித்து விடும் செயலிகளைப் பலர் நாடுவதில் வியப்பில்லை.

ஆயினும், குடும்பத்தை ஊரில் விட்டுத் திருவனந்தபுரத்தில் உழைக்கும் தமிழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யந்திரத்துக்கு ஆள் தெரியாது. எண் மட்டுமே தெரியும். தெரியாத எண் எல்லாவற்றையும் மறுக்கும்படி ஏற்பாடு செய்து விட்டால், ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து வரும் 04652 எண்ணும் மறுக்கப்படும். பக்கத்து வீட்டுப் போனிலிருந்து தாயார் அழைத்தாலும் அதே கதிதான். நாளை வேலைக்கு ஆள் தேடும் புதிய கான்டிராக்டரும் வேறு ஆளைப் பார்த்துக் கொள்வார். கூலி போகும், சில வேளைகளில் அதைவிடப் பெரியதும் போகும்.

ஆண்ட்ராய்டு போன்களில், 2019-ல் வந்த 10-ஆம் பதிப்பு முதல், வெளியார் செயலிகளும் இந்தக் காவல் வேலையை எளிதாக ஏற்க முடிகிறது. அழைப்பு வந்ததும் போன் செயலியைக் கேட்கிறது. செயலி 5 விநாடிக்குள் பதில் சொல்ல வேண்டும். மணி அடிக்க விடலாம், ஓசையை மட்டும் அடக்கலாம், துண்டிக்கலாம். அழைப்பு வந்து போன அறிவிப்பையே மறைக்கவும் அதனால் முடியும். துண்டிக்கப்பட்ட எண் குறிப்பில் பதிவாகும் என்றாலும், அதைத் தேடிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

ஆகவே, துண்டிப்பதை விட ஓசையை அடக்குவதே நல்லது. பெயர்ப் பட்டியலைப் பார்க்கும் அனுமதியையும் செயலிக்குத் தர வேண்டியதில்லை. தராவிட்டால், பட்டியலில் உள்ளவர்களின் அழைப்பு செயலியிடம் போகாமல் நேரே ஒலிக்கும். உறவினர் பெயர்களும் அன்னியர் கைக்குப் போகா.

நோயின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. அழைப்பு வேண்டாம் என்பவர்களுக்கான தேசியப் பதிவேடு 2007-லேயே வந்தது. 1909 எண்ணில் பதியவும் புகார் செய்யவும் வழி உண்டு. விளம்பரத்துக்கு 140, வங்கி போன்றவற்றுக்கு 1600 என்று தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. புகார் செய்யும் கெடுவை 3 நாளிலிருந்து 7 நாளாக டிராய் 2025 பிப்ரவரியில் நீட்டியது. இத்தனைக்குப் பிறகும் சாதாரணப் பத்திலக்க எண்களிலிருந்து தொல்லை தொடர்கிறது. அந்த எண்களை வழங்கிக் காசு பார்க்கும் கம்பெனிகளே அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். அவர்கள் கடமை தவறியதற்காக, உழைப்பாளி தன் வீட்டாரின் குரலை இழக்கக் கூடாது.