மரக்கூட்டைக் காப்பது மட்டும் மீட்பு ஆகாது

காசு போட்டு ஆடும் பழைய ஆர்கேட் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவருவோர் பலர், முதல் வேலையாகப் படக்குழாயை அகற்றி எல்சிடி திரையைப் பொருத்துகின்றனர். மின்பலகையின் இடத்தில் ராஸ்பெர்ரி பை அமர்கிறது. எஞ்சுவது மரக்கூடு. இதை மீட்பு என்று எப்படி அழைப்பது?

1980இல் நாம்கோ வெளியிட்ட பேக்மேனின் படம் 224க்கு 288 புள்ளிகளே கொண்டது. படக்குழாயில் மென்மையாகக் கலந்து தெரிந்த அப்புள்ளிகள் எல்சிடியில் கூரிய சதுரங்களாகின்றன. குழாயின் ஒளியை உணர்ந்து குறியறியும் துப்பாக்கி ஆட்டங்களோ அங்கு இயங்குவதே இல்லை.

மாற்றமே கூடாது என்பதன்று என் வாதம். அது மீளத்தக்கதாக இருக்க வேண்டும். 1985இல் ஜப்பானில் வகுக்கப்பட்ட ஜம்மா இணைப்பு 56 முனைகள் உடையது. அவ்விணைப்புள்ள பெட்டியில், ஒரு கம்பியையும் வெட்டாமல் பல ஆட்டங்கள் அடங்கிய புதிய பலகையைச் செருகலாம். பழைய பலகையைப் பத்திரப்படுத்தலாம்.

படக்குழாய் பழுதானால், அணைத்த பின்னும் அதில் உயர் மின்னழுத்தம் தேங்கியிருக்கும். காணொளி பார்த்துக் கைவைக்கலாகாது. 1973இல் தொடங்கித் தொலைக்காட்சிகளையும் தயாரித்த கெல்ட்ரானின் தலைமையகம் திருவனந்தபுரம். அக்காலப் பெட்டிகளைப் பழுதுபார்த்துப் பழகியவர்கள் முதுமை எய்திவிட்டனர். குழாயைக் கழற்றி எறியுமுன் அவர்களில் ஒருவரைத் தேடிச் செல்லுங்கள்; அருகிலிருந்து கற்றும் கொள்ளுங்கள்.