இரண்டு பிழைப் பட்டியல் எதற்கு?

பாலவாக்கத்தில் நாங்கள் மூவர் எழுதும் பில்லிங் சாஃப்ட்வேரின் புரோகிராம் கிட்லேபில் இருக்கிறது. பிழைகளைப் பதிவது ரெட்மைனில். செட்டிங்ஸில் இன்டக்ரேஷன்ஸ் பகுதியில் ரெட்மைன் முகவரிகளைக் கொடுத்தால் இரண்டும் இணையும். கமிட் குறிப்பில் #12 என எழுதினால் ரெட்மைனின் 12-க்கு லிங்க் வர வேண்டும். வந்ததோ கிட்லேபின் பழைய 12! அதன் சொந்தப் பட்டியலும் இயங்கினால், ஒரே எண் இரண்டிலும் இருக்கையில் சொந்தப் பட்டியலுக்கே முதலிடம். 'இது முடிந்த பிழையாச்சே' என்று நண்பர் விட்டுவிட, கடைக்காரரிடம் ஒரு வாரம் வரித்தொகை தவறாகவே பில் ஓடியது. சாஃப்ட்வேரைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு நோட்டு வைத்தது நாங்கள்தான். பாக்கிப் பிழைகளை ரெட்மைனுக்கு மாற்றிவிட்டு, கிட்லேபின் இஷ்யூஸ் வசதியை அணைத்துவிடுங்கள். "அதுவும் ஒரு பக்கம் இருக்கட்டுமே" என்கிறார் நண்பர், இன்னமும்!