புறப்பட உதவும், நிறுத்த உதவாது



குடும்பத்திற்கென ஒரு கார் வாங்க எண்ணுபவர் விலையைக் கேட்கிறார். எரிபொருள் எவ்வளவு செலவாகும் என்று கேட்கிறார். எத்தனை பேர் அமரலாம் என்று கேட்கிறார். எஞ்சினின் ஆற்றல் எந்தச் சக்கரங்களுக்குச் செல்கிறது என்று கேட்பவர் மிகச் சிலரே. தமிழகத்தில் ஓடும் சிறிய கார்களில் மிகப் பெரும்பாலானவை முன் சக்கரங்களின் இழுப்பிலேயே ஓடுவதால், இக்கேள்வி நம் நெஞ்சில் எழுவதில்லை. ஆனால் பனி பொழியும் நாட்டில் இது அன்றாட வாழ்வின் கேள்வியாகும். அதற்கு ஜப்பானியர் கண்ட விடைகளுள் ஒன்றை இம்மாதம் காண்போம். ஹோண்டா நிறுவனம் 2001ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஃபிட்’ என்னும் சிறிய காரின் நான்கு சக்கர இயக்க வகையே அது.

ஜப்பானின் வடகோடியில் உள்ள ஹொக்கைடோ தீவின் தலைநகரம் சப்போரோ. ஏறத்தாழ 20 லட்சம் மக்கள் வாழும் பெருநகரம். ஒரு குளிர்காலம் முழுதும் அங்கு பொழியும் பனியைக் கூட்டினால் ஏறத்தாழ 5 மீட்டர் உயரம் வரும். அங்கும் பிள்ளைகள் பள்ளி செல்ல வேண்டும். நோயாளிகள் மருத்துவமனை செல்ல வேண்டும். இரவெல்லாம் பனியில் நின்ற காரை விடியற்காலையில் கிளப்பினால், முன் சக்கரங்கள் மட்டும் சுழன்றுகொண்டிருக்கும். வண்டியோ நின்ற இடத்தைவிட்டு நகராது. ஏன்? சக்கரம் தரையைப் பற்றும் அளவிற்கே எஞ்சினின் ஆற்றல் பயன்படும். மிஞ்சியது வீண் சுழற்சியாகிவிடும். இரண்டு சக்கரங்கள் செய்யும் வேலையை நான்கிற்கும் பகிர்ந்தளித்தால், ஒவ்வொன்றின் சுமையும் குறைகிறது, வழுக்கலும் குறைகிறது. நான்கு சக்கர இயக்கத்தின் தத்துவம் இவ்வளவுதான்.

இத்தத்துவம் நெடுங்காலம் ஜீப் போன்ற முரட்டு வண்டிகளுக்கே உரியதாக இருந்தது. வடகிழக்கு ஜப்பானின் தொஹோகு மின்சார நிறுவனத்தின் பணியாளர்கள், பனி மூடிய மலைப்பகுதிகளில் மின்கம்பிகளைப் பார்வையிட ஜீப்பில்தான் சென்றுவந்தனர். அதன் குளிரும் அலுங்கலும் தாங்காமல், வசதியான வண்டி ஒன்று வேண்டும் என்று அவர்கள் கேட்டபோது, மியாகி மாகாணத்து சுபாரு விற்பனையாளர் ஒரு சாதாரண வண்டியைத் திருத்தி நான்கு சக்கரங்களும் இயங்குமாறு செய்தார். அம்முயற்சியின் பயனாக 1972ஆம் ஆண்டு சுபாரு ‘லியோனே’ எஸ்டேட் வண்டி விற்பனைக்கு வந்தது. தொழிலாளியின் குறையைத் தீர்க்கப் பிறந்த ஏற்பாடு, பிறகு பல நிறுவனங்களின் கைபட்டு, குடும்பக் கார்களிலும் இடம்பெற்றது.

ஹோண்டா ஃபிட் அவ்வழியில் வந்ததே. அதன் நீளம் 3.83 மீட்டர் மட்டுமே. எரிபொருள் தொட்டியைப் பின்புறம் வைக்காமல் முன் இருக்கைகளுக்கு அடியில் வைத்ததனால், சிறிய உருவத்திற்குள்ளும் தாராளமான இடம் கிடைத்தது. ஜப்பானில் 33 ஆண்டுகளாக விற்பனையில் முதலிடத்தில் இருந்த டொயோட்டா கொரோலாவை 2002ஆம் ஆண்டு அது பின்னுக்குத் தள்ளியது. அவ்வோர் ஆண்டில் மட்டும் 2,50,000க்கும் மேற்பட்ட ஃபிட் கார்கள் அங்கு விற்பனையாயின. ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக்காக மொத்தம் எட்டு பிளக்குகள் கொண்ட அதன் எஞ்சின் குடும்பத்தை நம் மெக்கானிக்குகளும் அறிவார்கள். 2003ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் விற்கப்பட்ட ஹோண்டா சிட்டியில் அவ்வகை எஞ்சினே இருந்தது. எனினும் நான்கு சக்கர இயக்கம் இங்கு வரவில்லை. 2009இல் ‘ஜாஸ்’ என்ற பெயரில் இந்தியா வந்த இரண்டாம் தலைமுறை ஃபிட்டும் முன் சக்கர இயக்கமே கொண்டிருந்தது.

இனி அந்த ஏற்பாடு செயற்படும் முறையைப் பாருங்கள். பொத்தானோ தனி நெம்புகோலோ அதில் இல்லை. முன்புறத்திலிருந்து ஒரு நீண்ட தண்டு பின் அச்சு வரை செல்கிறது. பின் அச்சிலுள்ள பெட்டியில் எண்ணெயைச் செலுத்தும் பம்புகள் இரண்டு. ஒன்று முன் சக்கரங்களின் வேகத்திற்கு ஏற்பவும், மற்றொன்று பின் சக்கரங்களின் வேகத்திற்கு ஏற்பவும் சுழல்கின்றன. ஒருவர் தொட்டியில் நீர் ஊற்ற, மற்றொருவர் அதே அளவு முகந்து வெளியேற்றுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். இருவர் வேகமும் ஒன்றாக இருக்கும்வரை தொட்டி நிரம்பாது. முன் சக்கரங்கள் வழுக்கிச் சுழலத் தொடங்கினால், ஊற்றுபவரின் கை ஓங்குகிறது. மிகுதியான எண்ணெயின் அழுத்தம் கிளட்ச் தட்டுகளை நெருக்கிப் பிணைக்கிறது. ஆற்றல் பின் சக்கரங்களுக்கும் பாய்கிறது. வழுக்கல் நின்றதும் அழுத்தம் தணிந்து, வண்டி மீண்டும் முன் சக்கர இழுப்பில் ஓடுகிறது.

சகோதர சகோதரிகளே! இங்குதான் நாம் கவனிக்க வேண்டிய பேருண்மை ஒன்று இருக்கிறது. இந்த ஏற்பாடு வண்டி புறப்பட உதவும்; மேடேற உதவும். வண்டியை நிறுத்த அது உதவாது. பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களிலும்தான் இருக்கிறது. முன் சக்கர இயக்கக் காருக்கும் நான்கு சக்கர இயக்கக் காருக்கும் நிற்கும் ஆற்றலில் வேறுபாடு இல்லை. அதைத் தீர்மானிப்பவை டயரின் பிடிப்பும், சாலையின் தன்மையும், நாம் செல்லும் வேகமுமே. நல்ல குளிர்கால டயர் பூட்டிய சாதாரணக் கார், தேய்ந்த டயரோடு ஓடும் நான்கு சக்கர இயக்கக் காரைவிட விரைவில் நின்றுவிடும். ஆபத்து எங்கே பிறக்கிறது? வழுக்கும் சாலையில் மற்றவர்கள் திணற, தன் வண்டி மட்டும் எளிதாகப் புறப்படுவதைக் காணும் ஓட்டுநர், சாலையே நன்றாக இருப்பதாக எண்ணி வேகத்தைக் கூட்டுகிறார். புறப்படும்போது கிடைத்த துணிவு, நிறுத்த வேண்டிய நொடியில் அவரைக் கைவிடுகிறது.

பிடிப்பின் அருமையை ஜப்பானியர் வேறொரு வகையிலும் கற்றனர். முன்னர் அவர்கள் பனிக்காலத்தில் ஆணி பதித்த டயர்களைப் பயன்படுத்தினர். அவ்வாணிகள் சாலையைச் சுரண்டி எழுப்பிய தூசு மக்களின் சுவாசத்திற்குக் கேடானது. ஆகவே 1990ஆம் ஆண்டு அதைத் தடுக்கச் சட்டம் இயற்றினார்கள். அதன்பின் ஆணியில்லாத குளிர்கால டயர்கள் பரவின, காற்று தூய்மையானது. ஆனால் ஆணிகள் சுரண்டாத சாலையில் பனி இறுகிக் கண்ணாடிபோல் வழவழப்பானது. மெதுவாகச் செல்வது அங்கு அச்சத்தின் அடையாளமன்று, அறிவின் அடையாளம்.

ஜப்பானில் ஓடித் தேய்ந்த கார்கள் பல, நம்மைப் போல் வலப்புறம் ஸ்டீயரிங் கொண்ட வேறு நாடுகளுக்குக் கப்பலேறுகின்றன. இலங்கை அவற்றுள் ஒன்று. அந்நாட்டு அரசு 2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதியை நிறுத்தியது; தனியார் வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய கார்களே கைமாறிக்கொண்டிருந்தன. அவற்றின் விலையும் ஏறியது. அங்குள்ள நம் வாசகர்கள் எவரேனும் நான்கு சக்கர இயக்கமுள்ள முதல் தலைமுறை ஃபிட்டை வாங்க நேர்ந்தால், பின்வருவனவற்றை மனத்தில் கொள்க.

முதலாவது, வண்டியின் அடையாளக் குறியீட்டைப் பாருங்கள். ‘ஜி.டி. 2’ அல்லது ‘ஜி.டி. 4’ என்று தொடங்கினால் அது நான்கு சக்கர இயக்க வகை, ‘ஜி.டி. 1’, ‘ஜி.டி. 3’ ஆகியவை முன் சக்கர இயக்க வகைகள்.

இரண்டாவது, நான்கு டயர்களும் ஒரே அளவாகவும் ஒத்த தேய்மானம் உடையவையாகவும் இருத்தல் வேண்டும். முன்னே தேய்ந்த டயரும் பின்னே புது டயரும் பூட்டினால், சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழலும். வழுக்கலே இல்லாதபோதும் பம்புகள் ஓயாது வேலை செய்யும். பின் அச்சுப் பெட்டி சூடேறித் தேயும்.

மூன்றாவது, அப்பெட்டிக்கென ஹோண்டா தனியே தயாரிக்கும் எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும். பொதுவான கியர் எண்ணெய் ஆகாது. திறந்த வெளியில் ஸ்டீயரிங்கை முழுதும் ஒடித்து, வண்டியை மெல்ல வட்டமிடச் செய்யுங்கள். பின்புறமிருந்து முனகலும் அதிர்வும் எழுந்தால், அந்த எண்ணெய் கெட்டிருக்கிறது என்று ஐயுறலாம். மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். மாற்றாது விட்டால் செலவு பன்மடங்காகும்.

நான்காவது, வண்டியின் அடிப்பகுதியை விளக்கடித்துப் பாருங்கள். பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு, இரும்பை அரித்துவிடும். மேலே பளபளக்கும் வண்டி அடியில் துருப்பிடித்திருக்கக் கூடும். பழுதாகி வழியில் நின்றால், இரண்டு சக்கரங்களை மட்டும் தூக்கி இழுத்துச் செல்ல விடாதீர்கள்; முழு வண்டியையும் மேடை வண்டியில் ஏற்றச் செய்யுங்கள்.

இவ்வளவு பாடும் நமக்குத் தேவைதானா என்று கேட்கலாம். சமவெளியில், தார்ச்சாலையில், கடைக்கும் பள்ளிக்கும் சென்றுவரும் குடும்பத்திற்குத் தேவையில்லை என்பதே நேர்மையான விடை. கூடுதல் எடையும் கூடுதல் எரிபொருளும் கூடுதல் பராமரிப்புமே மிஞ்சும். நுவரெலியா போன்ற மலைப்பகுதியில், சேறும் சரிவுமான பாதையில் நாள்தோறும் ஏறி இறங்குபவருக்கு அது உற்ற துணையாகலாம். பெயரின் கவர்ச்சிக்காக அன்றி, தன் வழியின் தேவைக்காக வாங்குவதே விவேகம். தன்னிடமுள்ள வண்டியை விற்பவரும், டயரின் நிலையையும் அடிப்பகுதித் துருவையும் மறைக்காமல் சொல்லி விற்க வேண்டும். வியாபாரத்தில் குறையை மறைப்பது நமக்குத் தகாது என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

காரில் நம்மோடு அமர்பவர்கள் நம் பெற்றோரும் துணையும் மக்களுமே. வண்டி எவ்வளவு எளிதாகப் புறப்படுகிறது என்பதைக் கொண்டு அவர்களின் பாதுகாப்பை அளக்காதீர்கள். தேவைப்படும் இடத்தில் அது நிற்குமா என்பதைக் கொண்டு அளந்திடுங்கள். நிற்க வைப்பவை தேயாத டயரும், பழுதில்லாத பிரேக்கும், ஓட்டுபவரின் நிதானமுமே. இம்மூன்றையும் எந்த ஊரிலும், எந்தக் காரிலும், இன்றே நாம் சரிபார்த்துக்கொள்ள முடியும்.