விசைக்கு ஆங்கிலந் தெரியுமா?

கணிப்பொறியின் விசைப்பலகை ஆங்கிலத்திற்கென்றே பிறந்ததாம். ஆகலின் தமிழையும் உரோமன் எழுத்து வழியே தட்டுவதுதான் இயல்பாம். கற்றறிந்த தமிழரே இவ்வாறு கூசாமற் பேசித் திரிகின்றனர்.

விசையின்மேல் ஆங்கில எழுத்து அச்சிடப்பட்டிருப்பது உண்மையே. அவ்வச்சு மாந்தன் கண்ணுக்கேயன்றிக் கணிப்பொறிக்கன்று! விசையை அழுத்தியவுடன் பலகையினுள்ளிருக்கும் சிறு சில்லு, அவ்விசையின் இடத்தைக் குறிக்கும் எண்ணையே அனுப்புகின்றது. யூ.எசு.பி. பலகைகளில் நடுவரிசையின் ஆறாம் எழுத்துவிசைக்குரிய எண் 11. இயக்கி மென்பொருள் அதனை வாங்கி இயங்குதளத்திடம் ஒப்படைக்க, இயங்குதளம் தான் ஏற்றுள்ள விசையமைப்பு அட்டவணையைப் பார்த்து எழுத்தைத் தருகின்றது. ஆங்கில அட்டவணையாயின் அந்த 11 'எச்சு' ஆகும். தமிழ் 99 ஆயின் ககரமாகும். இன்சுகிரிப்டு ஆயின் பகரமாகும். எண்ணுக்கு மொழியில்லை. மொழி, அட்டவணையை வகுத்தவன் கையில் உள்ளது.

வகுத்தவன் எவன் என்பதே கேள்வி. இந்திய நடுவணரசின் மின்னணுத்துறை 1986இல் வகுத்த இன்சுகிரிப்டைப் பாருங்கள். எல்லா மொழிக்கும் ஓரமைப்பு என்னும் பெயரால் நகரியின் வருக்க அடுக்கே தமிழின்மேலும் சுமத்தப்பட்டது. வடவெழுத்தாகிய ஜகரம் ஒரே விசையில் வந்து நிற்கும். ழகரமும் ளகரமும் றகரமும் னகரமும் ணகரமுமோ, துணைவிசை ஒன்றைச் சேர்த்து அழுத்தினாலன்றி வாரா! தமிழில் இல்லாத வருக்க ஒலிகளுக்கென ஒதுக்கிய நல்ல விசைகள் வெறுமையாய்க் கிடக்க, தமிழுக்கே உரிய எழுத்துகள் மேல்மாடிக்கு விரட்டப்பட்டன. 2000இல் வந்த விண்டோசு தமிழுக்குத் தந்ததும் இவ்வமைப்பையே.

1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாய்த் தமிழக அரசு ஏற்ற தமிழ் 99, இதனைத் தலைகீழாக்கிற்று. உயிர்கள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். ழகரம் உட்பட எல்லா உயிருக்கும் மெய்க்கும் நேர்விசை உண்டு; ஆய்தத்தை விட்டால், துணைவிசையைத் தேடிப்போகவேண்டியது கிரந்தமே. (அதற்கு அவ்வளவும் மிகை என்பார் உளர், அது வேறு வழக்கு.) ஒரே மெய் இரட்டித்தால் புள்ளி தானே விழும்; நகரத்தையடுத்துத் தகரம் வரினும் அவ்வாறே. அட்டவணையிலேயே தமிழ்ப் புணர்ச்சி அமர்ந்திருக்கின்றது.

'அம்மா' என்றெழுத உரோமன் வழியில் ஐந்து தட்டுகள். தமிழ் 99இல் அ, ம, ம, ஆ என நான்கே. தட்டுக்கணக்கினும் கொடியது, ழகரத்தை 'இசட்டு' என்று நினைத்தெழுதிப் பழகும் பிள்ளையின் மனக்கணக்கு. இன்று ஆப்பிள் கைப்பேசியிலும் தமிழ் 99 உள்ளது. அமைப்புப் பட்டியலைத் திறந்து அதனைத் தெரிவு செய்ய ஒரு மணித்துளி போதும்.