ஓய்வுநாளில் அறுவடை மிஷின் வந்தால்?

கேள்வி: பிசான நெல் அறுவடைக்கு நிற்கிறது. வெளியூர் மிஷின் எங்கள் ஊருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வருமாம். அன்றைக்கு விட்டால் அடுத்து எப்போது வருமோ தெரியாது. ஓய்வுநாளில் வயலில் இறங்கக் கூடாது என்று சபையில் பெரியவர்கள் சொல்கிறார்கள். வேதத்தில் விவசாயிக்கு ஏதாவது விலக்கு உண்டா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தூத்துக்குடி மாவட்டம்.

பதில்: விலக்கு தேடிப் போகிறவருக்கு முதலில் கிடைப்பது ஏமாற்றம்தான். யாத்திராகமம் 34-ம் அதிகாரம் 21-ம் வசனம், ஏழாம் நாளில் ஓய்ந்திருக்கச் சொல்வதோடு நிற்கவில்லை. உழவு காலத்திலும் அறுப்புக் காலத்திலும்கூட அப்படித்தான் என்று தனியாகச் சேர்த்துச் சொல்கிறது. வேலை இல்லாத மாதத்தில் ஓய்வெடுக்க யாருக்கும் கட்டளை தேவையில்லை. வேலை தலைக்கு மேல் கிடக்கும்போது கையை நிறுத்துவதுதான் கஷ்டம். மோசேயின் சட்டம் விவசாயியை நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறது!

ஆனால் அந்த ஓய்வு யாருக்காக என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். யாத்திராகமம் 23:12 சொல்லும் காரணம், மாடும் கழுதையும் இளைப்பாற வேண்டும், அடிமைப் பெண்ணின் பிள்ளையும் பிழைக்க வந்த வெளியூர்க்காரனும் மூச்சு வாங்க வேண்டும் என்பது. உபாகமம் 5-ம் அதிகாரம், எகிப்தில் நீயும் அடிமையாகத்தானே இருந்தாய் என்று நினைவூட்டுகிறது. அந்த எகிப்துக் கதை விவசாயிகளுக்கு எளிதில் புரியும். கடவுளை வணங்கப் போக விடுமுறை கேட்ட ஜனங்களைச் சோம்பேறிகள் என்றான் பார்வோன். செங்கல்லுக்குச் சேர்க்கும் வைக்கோலைக் கொடுப்பதை நிறுத்தினான். வைக்கோலை அவர்களே தேடிக்கொள்ள வேண்டும், செங்கல் எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. அப்படி வேலை வாங்கப்பட்டவர்களுக்குக் கொடுக்கப்பட்ட சட்டம் இது. ஆகவே ஓய்வு என்பது வீட்டுத் தலைவர் தனக்கு எடுத்துக்கொள்வது மட்டுமில்லை. தனக்குக் கீழே வேலை செய்கிறவர்களுக்குக் கொடுக்கக் கடமைப்பட்டதும்கூட.

இயேசுவும் இந்தப் பக்கத்திலிருந்துதான் பேசினார். ஓய்வுநாளில் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டுவதில்லையா (லூக்கா 13), கிணற்றில் விழுந்த எருதைத் தூக்கிவிட மாட்டீர்களா (லூக்கா 14) என்று கேட்டார். ஓய்வுநாள் மனிதனுக்காக உண்டானது என்பதும் அவர் சொன்னதே (மாற்கு 2).

யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளி மாலை தொடங்கி சனி மாலை முடிவது. இயேசு உயிர்த்தெழுந்தது ஞாயிறு என்பதால் பெரும்பாலான சபைகள் அந்த நாளை எடுத்துக்கொண்டன. ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் கி.பி. 321-ல் ஞாயிறு விடுமுறைக்குச் சட்டம் போட்டபோது, நகரத்தில் நீதிமன்றமும் பட்டறைகளும் மூட வேண்டும், நாட்டுப்புற விவசாயிகள் மட்டும் தடையில்லாமல் வேலை செய்யலாம் என்றான். விதைப்புக்கும் திராட்சை நடவுக்கும் வாய்ப்பான நாள் தவறிவிடக் கூடாது என்பது அவன் சொன்ன காரணம். வாசகர் கேட்கும் விலக்கு, அப்படியே! ஆனால் 538-ல் இன்றைய பிரான்சின் ஓர்லியான் நகரில் கூடிய ஆயர்கள் உழவு, அறுவடை போன்ற வயல் வேலைகளை ஞாயிறன்று தவிர்க்கச் சொன்னார்கள். சபைப் பெரியவர்களுக்கும் வாசகருக்கும் நடக்கும் வாக்குவாதத்துக்கு வயது ஆயிரத்து ஐந்நூறு என்று வைத்துக்கொள்ளலாம். நாள் பார்ப்பதில் அவரவர் மனதில் தெளிவோடு நடக்கட்டும், ஒருவரை ஒருவர் குற்றவாளியாக்க வேண்டாம் என்பது ரோமர் 14-ல் பவுல் சொல்லும் வழி.

இனி மிஷின் விஷயம். கதிர் சாய்ந்து, மேகமும் கூடி, வேறு நாளில் மிஷின் கிடைக்காது என்றால் அது கிணற்றில் விழுந்த எருதுதான். அறுக்கலாம். ஆனால் எருது ஒவ்வொரு வாரமும் கிணற்றில் விழாது. பக்கத்து வயல்காரர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து மொத்தமாக ஏக்கர் கணக்குச் சொன்னால், மிஷின்காரரும் வார நாளில் வர யோசிப்பார். தனி ஆளாகக் கேட்கும்போதுதான் அவர் சொல்லும் நாளுக்குத் தலையாட்ட வேண்டியிருக்கிறது. ஞாயிறே அறுத்தாலும் கணக்கு அன்றோடு முடியாது. குவித்துப் போட்ட நெல் சூடேறும். கொள்முதல் நிலையத்தில் வழக்கமான ஈரப்பத வரம்பு 17 சதவீதம் என்பதால் உடனே களத்தில் பரப்ப வேண்டும், கிளற வேண்டும். அந்த வேலையில் இறங்கும் கூலியாட்களுக்கும் வீட்டாருக்கும் அந்த வாரத்திலேயே வேறொரு நாள் ஓய்வு உண்டா என்பதையும் ஞாயிறு அறுக்கிறவர் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிலத்துக்கும் இதே கணக்கைப் போட்டிருக்கிறது லேவியராகமம் 25. ஆறு வருஷம் பயிர், ஏழாம் வருஷம் நிலத்தை ஆறப்போட வேண்டும். தானாக விளைந்தது ஏழைகளுக்கும் கால்நடைக்கும். இஸ்ரேலில் இன்றும் இது நடக்கிறது. 2021 செப்டம்பர் முதல் ஓராண்டு அப்படிப்பட்ட ஓய்வு ஆண்டாக இருந்தது. அடுத்தது 2028-ல் தொடங்கும். அங்கும் எல்லா விவசாயிகளும் முழுதாக விடுவதில்லை. நிலத்தை யூதரல்லாத ஒருவருக்குப் பெயரளவில் விற்றுவிட்டுப் பயிர் செய்கிறவர்கள் உண்டு. பிழைப்பு அங்கேயும் பிழைப்புதான். ஒரு ஏக்கர்காரர் வருஷம் முழுக்க நிலத்தைச் சும்மா போட முடியாது. தண்ணீர் வசதி உள்ளவர் இரண்டு நெல்லுக்கு நடுவே தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்து, 45 நாளில் பூக்கும் சமயம் மடக்கி உழுதால் மண்ணுக்கு அந்த அளவாவது ஆறுதல்.

கேள்வியில் வராத ஒருவரும் இருக்கிறார். யாத்திராகமம் 20-ல் ஓய வேண்டியவர்கள் பட்டியலில் நீ, மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மிருகம், வெளியூர்க்காரன் என்று எல்லாரும் உண்டு. மனைவி என்ற சொல் மட்டும் இல்லை. ‘நீ’ என்றதில் மனைவியும் அடக்கம் என்று விளக்கம் சொல்வார்கள். ஆனால் பல வீடுகளில் ஞாயிறுதான் அந்த அம்மாவுக்கு அதிக வேலை. விடியற்காலை பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றி, பிள்ளைகளைக் கிளப்பி, ஆராதனை முடிந்து ஓடி வந்து கறிக்குழம்பு வைத்து, சாயங்காலம் மறுபடி பால். கறவை மாட்டுக்கு ஓய்வுநாள் தெரியாது. ஞாயிறு காலைக் கறவையை வீட்டு ஆண்கள் ஏற்றுக்கொண்டால் மாடு ஒன்றும் சொல்லப் போவதில்லை. சனிக்கிழமையே இரண்டு நாள் தீவனத்தை அறுத்துப் போட்டுவிடலாம்.

சமையலுக்கும் வேதத்தில் வழி இருக்கிறது. வனாந்தரத்தில் மன்னா கிடைத்த நாட்களில், ஆறாம் நாள் இரண்டு மடங்கு சேர்த்து, சுடுவதையும் வேகவைப்பதையும் அன்றே முடித்து, மிச்சத்தை மறுநாளுக்கு வைக்கச் சொன்னார் மோசே (யாத்திராகமம் 16). கருவாட்டுக் குழம்பு மறுநாள்தான் ருசி என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.