ஆயாவோட பட்டன் போனுக்கு எதுக்குங்க டேட்டா?

இது நம்ம வீட்டுக் கணக்கு.

உங்க வீட்டுல பட்டன் போன் வச்சிருக்கிற பெரியவங்க இருக்காங்களா? கடைசியா அந்த நம்பருக்கு என்ன பேக் போட்டீங்க? நல்லம்பள்ளி பக்கம் பல வீடுகள்ல கதை ஒண்ணுதான். மகனோ பேரனோ பெங்களூருல வேலையில இருப்பாங்க. ஊர்ல இருக்கிற அம்மா "போன் வரமாட்டேங்குது"ன்னு பக்கத்து வீட்டுப் போன்ல இருந்து சொன்னதும், அவசரத்துல ஆப்பைத் திறந்து முதல்ல கண்ணுல படுற பேக்கைப் போட்டுவிடுவாங்க. அதுல டேட்டா இருக்கும். அந்தப் போன்ல இன்டர்நெட்டே கிடையாது. இருந்தும் காசு கட்டியாச்சு.

2024 ஜூலையில மூணு தனியார் கம்பெனிகளும் ஒரே வாரத்துல விலையை ஏத்தினது ஞாபகம் இருக்கும். ஏர்டெல்லோட 28 நாள் பேக் 179 ரூபாயில இருந்து 199 ஆச்சு. ஜியோவுல 155 ரூபாய் பேக் 189 ஆச்சு. 28 நாள்ங்கிறது மாசம் இல்லைங்க. வருஷத்துக்கு 12 தடவை இல்ல, 13 தடவை போடணும். 199-ஐ 13-ஆல பெருக்கினா 2,587 ரூபாய். மாசம் பத்து கால் வாங்குற ஒரு பாட்டிக்கு இது செலவு.

போடலைன்னா என்ன ஆகும்? அவுட்கோயிங் மட்டும் போனா பரவாயில்ல, இன்கமிங்கும் நிக்குது. எங்க ஆயாவுக்கே நடந்தது. கம்பெனி பேர் வேண்டாம். பேக் முடிஞ்சது யாருக்கும் தெரியல. கேஸ் சிலிண்டர் வண்டி வாசல்ல நிக்குது, டெலிவரிக்குக் கேக்குற ஓடிபி மட்டும் வரல. பேங்க் மெசேஜ், நூறு நாள் வேலைக் கூலி வந்த தகவல், ஆதார் ஓடிபி எல்லாம் இப்போ அந்தப் பத்து இலக்கத்துல தொங்குது. சர்க்கார் எல்லாத்தையும் நம்பரோட கட்டிவிட்டுட்டு, அந்த நம்பரை உயிரோட வைக்கிற விலையை மட்டும் கம்பெனி கையில விட்டா எப்படி?

"முன்னாடியெல்லாம் இன்கமிங் ஃப்ரீயா இருந்துச்சே"ன்னு பெரியவங்க கேப்பாங்க. நியாயமான கேள்வி. 2003-ல தான் இன்கமிங் இலவசமாச்சு. 2005 கடைசியில 999 ரூபாய்க்கு லைஃப்டைம் கார்டே வந்துச்சு. சும்மா கார்டு வச்சிருந்தவங்களைக் கம்பெனி ஏன் பொறுத்துக்கிச்சு தெரியுமா? நமக்கு ஒரு கால் வந்தா, கூப்பிடுறவங்க கம்பெனி நம்ம கம்பெனிக்கு நிமிஷத்துக்கு இத்தனை பைசான்னு கொடுக்கணும். அதுக்குப் பேர் இன்டர்கனெக்ட் கட்டணம். நாம காசே போடலைனாலும் நமக்கு வர்ற கால்ல அவங்களுக்கு வருமானம் இருந்துச்சு. 2017 அக்டோபர்ல அது 14 பைசாவுல இருந்து 6 பைசாவாச்சு, 2021 ஜனவரியில பூஜ்யமாச்சு. நடுவுல, 2018 கடைசியில, "28 நாளைக்கு 35 ரூபாயாவது போடு"ன்னு மினிமம் ரீசார்ஜ் வந்தது. கணக்குல காசு இருக்கிறவங்க லைனை வெட்டாதீங்கன்னு ட்ராய் தலையிட்டுச் சொல்ல வேண்டிய நிலைமை.

கம்பெனி பக்கமும் நியாயம் இருக்கு. டவர், அலைக்கற்றைக்குக் கட்டின பணம், 5ஜி செலவு எல்லாம் உண்மைதான். இன்னைக்கு பேக்ல அன்லிமிடெட் கால் இருக்குங்கிறதும் உண்மைதான். ஆனா 5ஜி செலவை பட்டன் போன்காரங்க தலையில கட்டுறது எந்த ஊர் நியாயம்?

இதுல பலருக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு இருக்கு. 2024 டிசம்பர் 23-ல ட்ராய் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. டேட்டா இல்லாம, பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் இருக்கிற பேக் ஒண்ணாவது ஒவ்வொரு கம்பெனியும் கொடுத்தே ஆகணும். அந்த மாதிரி வவுச்சரோட வேலிடிட்டி 90 நாளைத் தாண்டக்கூடாதுன்னு இருந்ததை 365 நாள் வரைக்கும் நீட்டினாங்க. 2025 ஜனவரியில கம்பெனிகள் அந்த பேக்குகளை அறிவிச்சாங்க. முதல்ல வச்ச விலையைப் பார்த்தா டேட்டாவை மட்டும் உருவிட்டு, விலையை அப்படியே வச்ச மாதிரி இருந்துச்சு. ட்ராய் பரிசீலிக்கிறோம்னு சொன்னதும் சில நாள்ல இறங்கிடுச்சு. ஏர்டெல்ல 84 நாளைக்கு 469, 365 நாளைக்கு 1,849. ஜியோவுல 84 நாளைக்கு 448, 336 நாளைக்கு 1,748. மேல போட்ட 2,587 கணக்கோட வச்சுப் பாருங்க, 738 ரூபாய் மிச்சம். (இது அன்னைக்கு அறிவிச்ச விலை. போடறதுக்கு முன்னாடி இன்னைக்கு விலையைப் பார்த்துக்கோங்க.) சில ஆப்ல இந்த பேக்கைக் கண்டுபிடிக்கவே கீழ கீழ தள்ளிக்கிட்டே போகணும். கடையில போட்டா "டேட்டா இல்லாத பேக்"னு வாயைத் திறந்து கேளுங்க.

"வேற கம்பெனிக்கு மாறிட்டா போச்சு"ன்னு சொல்றவங்களுக்கு: 2024 ஜூலை கோபத்துல ஒரே மாசத்துல பிஎஸ்என்எல்லுக்கு ஏறத்தாழ 29 லட்சம் பேர் கூடினாங்க. அதே வருஷம் நவம்பர்ல அவங்க கணக்கு குறைய ஆரம்பிச்சிருச்சு. விலை பிடிச்சுது, சிக்னல் பிடிக்கல. மாறுறதும் எல்லாருக்கும் சுலபம் இல்ல. 2018 பிப்ரவரியில ஏர்செல் படுத்தப்போ பார்த்தோமே. 1999-ல நம்ம தமிழ்நாட்டுல ஆரம்பிச்ச கம்பெனி, சிக்னல் செத்து, 1900-க்கு போர்ட் மெசேஜ் அனுப்பக்கூட வழியில்லாம ஜனம் ஷோரூம் வாசல்ல நின்னுச்சு. பிப்ரவரி 28-ல கம்பெனி திவால் மனு போட்டுருச்சு. சின்னப் பசங்க புது நம்பர் வாங்கிக்கிட்டாங்க. பேங்க்ல, ஆதார்ல பழைய நம்பரைக் கொடுத்திருந்த பெரியவங்கதான் அலைஞ்சாங்க.

பிரச்சனை வந்தா கஸ்டமர் கேர்ல கத்திட்டு வச்சுடாதீங்க. 198-க்குக் கூப்பிட்டு டாக்கெட் நம்பர் வாங்குங்க. அது இல்லாத புகார் புகாரே இல்ல. பதில் திருப்தி இல்லைன்னா அதே கம்பெனியோட மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள்ள எழுதலாம், கட்டணம் இல்ல, 39 நாளுக்குள்ள முடிவு சொல்லணும். கேக்காமலே ஏதாவது சேவை ஏறி காசு பிடிச்சா 155223-க்கு ஸ்டாப்னு ஆங்கிலத்துல மெசேஜ் அனுப்புங்க.

அதுக்கும் மேல நுகர்வோர் ஆணையம் இருக்கு. போன் கேஸ் அங்க செல்லாதுன்னு ரொம்ப வருஷம் கம்பெனிகள் வாதாடினாங்க. அகமதாபாத்துல ஒருத்தருக்கு ஒரே மாசத்துக்கு 24,609 ரூபாய் பில் வந்து, அவர் போட்ட கேஸை எதிர்த்து கம்பெனி சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. 2022 பிப்ரவரி 16-ல தீர்ப்பு: நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம்.

நம்ம கோரிக்கை ஒண்ணுதான். பேச்சு பேக்கே வேண்டாம்கிறவங்களுக்கு, இன்கமிங்கும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் வருஷம் முழுக்க உயிரோட இருக்க ஒரு சின்னத் தொகை பேக் வேணும். ட்ராய் கேட்டதும் விலை இறங்கினதைப் பார்த்தோம். கேட்டா நடக்கும்.

நல்லம்பள்ளி, அதியமான்கோட்டை, தொப்பூர் பக்கத்து பூத் தம்பி தங்கச்சிகளே, இந்த வாரம் உங்க தெருவுல பட்டன் போன் வச்சிருக்கிற பெரியவங்க கிட்ட என்ன பேக் ஓடுதுன்னு கேட்டுப் பாருங்க. இன்கமிங் கட்டானவங்க இருந்தா ஊர், கம்பெனி, டாக்கெட் நம்பர் மூணையும் நம்ம பக்கத்துக்கு இன்பாக்ஸ்ல அனுப்புங்க. மொத்தமாத் தொகுத்து ட்ராய்க்கு அனுப்பறோம். ஓடிபி மட்டும் யார் கேட்டாலும் சொல்லிடாதீங்க, நாங்களே கேட்டாலும்.